இறக்கிவிட்ட கார் எங்கே போகும்?

சனிக்கிழமை காலையில் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஓர் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வந்த இன்னோவா ஒன்று கோபுரத்துக்கு நேர் எதிரே வந்து நிற்கும். பாட்டியைக் கைத்தாங்கலாக இறக்குவார்கள். செருப்பைக் காருக்குள்ளேயே விடலாமா என்று ஒரு பேச்சு நடக்கும். யாரோ தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுத் திரும்பக் கதவைத் திறப்பார்கள். பின்னால் ஒரு மினி பஸ், இரண்டு ஆட்டோ, ஏழெட்டு பைக் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். எல்லாரும் இறங்கியதும் கார் போய்விடும். எங்கே போகிறது என்று இறங்கியவர்களுக்குத் தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் இல்லை. தரிசனம் முடிந்ததும் ஒரு போன். "முடிஞ்சுதுப்பா, வா." கார் மறுபடி அதே இடத்துக்கு வரும், அதே ஹாரன் மறுபடி கேட்கும்.

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் தானோட்டிக் கார் செய்யப்போவதும் இதைத்தான். வாசலில் இறக்கும், எங்கேயோ போய் நிற்கும், கூப்பிட்டால் வரும். வாடகைக் காரும் ஆக்டிங் டிரைவரும் புழங்கும் நம் கோயில் ஊர்களுக்கு இந்த வாழ்க்கை பழகியது. அதனால் வெளிநாட்டு நிபுணர்கள் கணினியில் போட்டுப் பார்க்கும் கணக்கை நாம் தெருவில் நின்றே ஓரளவு போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். நான் போக்குவரத்துப் பொறியாளன் அல்ல, பெரிய கடைத்தெருப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருப்பவன். வாசலில் கார் நின்றால்தான் வியாபாரம் என்று நெடுநாள் நம்பியவன். அந்தச் சாய்வு எனக்கு இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம் 2021இல் மாநகராட்சி ஆனது. அடுத்த மகாமகம் 2028இல். பெருவிழாவை ஒட்டிச் சாலை, குளம், படித்துறை என்று வேலைகள் நடப்பது வழக்கம். அதில் கார் நிறுத்தத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கினால் அதை எதில் போடுவது? நடு ஊரில் பல அடுக்குக் கட்டடமா, ஊருக்கு வெளியே திறந்த மைதானமா, தெருவோரத்தையே ஒழுங்குபடுத்துவதா, அல்லது தானோட்டிக் கார் வரட்டும் என்று காத்திருப்பதா? இந்த நான்கையும்தான் எடை போட்டுப் பார்க்கிறேன்.

காத்திருப்பதை முதலில் முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020இலிருந்தே ஸ்டியரிங் முன்னால் ஆளில்லாத, வேமோ நிறுவனத்தின் டாக்சியில் பொதுமக்கள் ஏறிப் போகிறார்கள். அதே நாட்டில், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண் விபத்தில் இழுத்துச் செல்லப்பட்ட பிறகு, 2023இல் குரூஸ் என்ற ஆளில்லா டாக்சி நிறுவனத்தின் அனுமதி நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு முடிவதற்குள் அதன் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம், 1988, உரிமம் வைத்திருக்கும் ஓட்டுநரை எதிர்பார்க்கிறது. டிரைவர் வேலை பறிபோகும் என்பதால் ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி ஒரு முறைக்கு மேல் சொல்லியிருக்கிறார். ஆக, பத்து வருடத்தில் வரலாம், முப்பது வருடத்தில் வரலாம், நம் தெருவில் குறுக்கே படுக்கும் மாட்டைப் பார்த்துத் திரும்பியும் போகலாம். அதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தால் மகாமகம் வந்து போய்விடும். காத்திருப்பு சரிப்படாது. ஆனால் அது சொல்லும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எதிர்காலம் இவ்வளவு மூடுமந்திரமாக இருக்கும்போது, பின்னால் மாற்றமுடியாத எதையும் கட்டக்கூடாது.

அப்படிப் பார்க்கும்போது பல அடுக்குக் கட்டடம் இடறுகிறது.

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டவன். கார் நிறுத்தத்துக்கு நம் நாட்டுத் திட்டக் கணக்கில் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். போக வர வழியையும் சேர்த்து, திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், கூரைக்குக் கீழே 28, நிலவறையில் 32. கட்டடத்துக்குள் போகப் போகத் தூணும் சாய்தளமும் இடத்தைத் தின்கின்றன. ஏக்கருக்குத் திறந்த வெளியில் 175 கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகாமகக் குளம் 6.2 ஏக்கர். அதைத் தூர்த்தால்கூட (கணக்குக்காகத்தான் சொல்கிறேன், யாரும் அடிக்க வரவேண்டாம்) ஆயிரத்துச் சொச்சம் கார்தான் நிற்கும். நடு ஊரில் கிடைக்கும் துண்டு நிலத்தில் எத்தனை மாடி ஏற்றினாலும் விழா நாள் கூட்டத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நிலவறை என்ற பேச்சே வேண்டாம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் கிடக்கிறது ஊர். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் எங்கள் தெருவில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினாலே ஊற்று எடுக்கும். ஐப்பசி மழையில் நிலவறைக் கார்களுக்கு மோட்டார் பம்ப்தான் துணை.

மேலே ஏற்றும் லிஃப்ட் பார்க்கிங்? ஒருமுறை சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் அடுக்கு இயந்திரத்தில் என் கார் மாட்டிக்கொண்டது. கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, எனக்கு முன்னால் இருந்த பதினாறு கார் இறங்கி, என் முறை வர ஐம்பது நிமிடம். "சார், கொஞ்சம் பொறுங்க, உங்க வண்டி மூணாவது தட்டுல இருக்கு" என்று அந்தப் பையன் சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தான். கடையில் ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள், அதற்கே இந்தக் கதி. கோயிலில் தீபாராதனை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். இன்னொன்று, காரைத் தட்டில் வைத்து நகர்த்துவதற்குத்தான் அந்த இயந்திரமே. நாளைக்குக் கார் தானே நகரத் தெரிந்துகொண்டால் இயந்திரத்துக்கு என்ன வேலை? நான்கு வழிகளிலும் அதற்குள் இருக்கும் உட்பிரிவுகளிலும் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது இதுதான்.

கட்டடம்தான் வேண்டும் என்று முடிவானால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் ஒரு நிறுவனம் தன் அலுவலகத்தைக் கட்டும்போதே, கார் நிற்கும் மாடிகளைப் பின்னாளில் அலுவலகமாக மாற்றும்படி கட்டியிருக்கிறது. சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. தளம் சாய்வாக இல்லாமல் சமமாக இருக்கவேண்டும், ஏறும் பாதை கட்டடத்தின் ஓரமாக, இடித்து எடுக்கத்தக்கதாக இருக்கவேண்டும், கூரை உயரமாக இருக்கவேண்டும். இதில் எனக்கு வியப்பாக இருந்த ஒன்று: கார்தானே கனம், அதைத் தாங்கும் தளம் எதையும் தாங்கும் என்று நினைத்திருந்தேன். கட்டுமானக் கணக்கில் கார் நிறுத்தத் தளத்தைவிடக் கடைத் தளம்தான் கூடுதல் வலுவாக இருக்கவேண்டும். என் கடையில் அடுக்கியிருக்கும் பித்தளை அண்டாக்களை நினைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. ஆகவே முதல் நாளே கடைக்கான வலுவில் கட்டினால்தான் பிறகு மாற்றமுடியும். அந்தக் கூடுதல் செலவை டெண்டர் போடுகிறவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

தஞ்சாவூரிலும் தாராசுரத்திலும் வேறொரு தடையும் உண்டு. தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கவேண்டும். பெரிய கோயில் வாசலில் அடுக்கு மாடி நிறுத்தம் கேட்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஊருக்கு வெளியே நிறுத்துவது. இது புதிய யோசனை இல்லை. 2016 மகாமகத்தின்போதே ஊர் எல்லையில் தற்காலிகப் பேருந்து நிலையமும் வாகன நிறுத்தமும் போட்டு, அங்கிருந்து மக்களை உள்ளே கொண்டுவந்தார்கள். விழாவுக்குப் போட்டதை நிரந்தரமாக்கலாமா என்பதுதான் கேள்வி.

மனிதர் ஓட்டும் காருக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. புறவழிச்சாலை ஓரம் காரை விட்டுவிட்டு மினி பஸ்ஸுக்கு நிற்க யாருக்கும் மனசு வராது. எங்கள் வீட்டிலேயே வராது. தானோட்டிக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை, அது இறக்கிவிட்டுத் தனியாகப் போகும். போகிற இடத்தில் நெருக்கியும் நிற்கும். ஆள் இறங்கக் கதவைத் திறக்க வேண்டாம், அதனால் இடையில் கையகலம் இருந்தால் போதும். முன்னால் நிற்கும் கார் தானே விலகி வழிவிடும் என்பதால் வரிசை வரிசையாக அடைத்து நிறுத்தலாம். டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் போட்ட கணக்கில், இப்படி நிறுத்தினால் இடத் தேவை சராசரியாக 62 விழுக்காடு குறையும். நம் 175 கார் ஏக்கரில் ஏறத்தாழ 450 கார். கல்யாண மண்டப வாசலில் செருப்பு கிடக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொன்றும் கூப்பிட்டால் தானே வரும் செருப்பு.

முழுத் தானோட்டிக்கு முன்பே இந்தப் பகுதி வந்துவிடலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விமான நிலையத்தில் ஒரு கார் நிறுத்தத்துக்குள் மட்டும் ஆளில்லாமல் கார் தானே போய் நிற்க 2022இல் அனுமதி கொடுத்தார்கள். பாஷ், மெர்சிடிஸ் இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து செய்தது. மெதுவான வேகம், மூடிய இடம், கட்டடத்திலேயே கேமரா. தெருவைவிட நிறுத்துமிடம்தான் இயந்திரத்துக்கு எளிது.

ஆனால் ஒன்று. காரை வெளியே போய் நில் என்று சொன்னால் போகுமா? கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் இருந்த ஆடம் மில்லர்ட்-பால் என்ற ஆய்வாளர் 2019இல் இதைத்தான் கேட்டார். சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊரில் நிறுத்தக் கட்டணம் கொடுப்பதைவிட, மின்சாரக் கார் ஊர்ந்துகொண்டே சுற்றுவது மலிவு, மணிக்கு அரை டாலர் போலத்தான் ஆகும் என்பது அவர் கணக்கு. எல்லாக் காரும் அப்படி நினைத்தால் தெரு நின்றுபோகும். இதைப் படித்தபோது நம் ஆக்டிங் டிரைவர்கள் ஏன் சுற்றுவதில்லை என்று யோசித்தேன். எங்கள் கடைக்கு வழக்கமாகச் சவாரி கொண்டுவரும் ஒரு டிரைவரிடம் கேட்டேன்.

"சுத்தறதா? எதுக்குண்ணே? ஆத்தங்கரைல ஒரு நிழலா பாத்துப் போட்டுட்டு டீ குடிச்சா ஒரு தூக்கம் போடலாம். டீசலு ஓனர் கணக்குல இருக்கு, கேப்பாரு."

டீ, நிழல், தூக்கம், ஓனரிடம் பதில். மனிதனை நிறுத்தி வைக்கிற இந்த நான்கில் முதல் மூன்று இயந்திரத்துக்குக் கிடையாது. நான்காவதைத்தான் நாம் உண்டாக்கவேண்டும், அதாவது தெருவில் ஆளில்லாமல் ஓடுகிற நேரத்துக்கு ஒரு விலை. அதை விதிக்காமல் வெளியே மைதானம் மட்டும் போட்டால் மைதானம் காலியாகவும் தெரு நிரம்பியும் இருக்கும்.

சரி, வெளியே எங்கே? டெல்டாவில் ஊருக்கு வெளியே என்றால் நஞ்சை. மாசியில் அறுவடை முடிந்த வயல் காலியாகக் கிடப்பதுபோல் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அதில் உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். கார் ஏறி இறுகிய மண்ணை மறுபடி சேறாக்குவது எளிதல்ல. வயலில் கிராவல் கொட்டுவதை நான் ஒப்பமாட்டேன். என் மனசில் இருப்பது வேறு: மூடிக்கிடக்கும் ரைஸ் மில்களின் களங்கள். ஒவ்வொரு டெல்டா ஊரின் விளிம்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். நெல் அவித்துக் காயவைக்கப் போட்ட சிமென்ட் தரை, மழைநீர் வழிந்தோட வாட்டம் பார்த்துப் போட்டது, லாரி திரும்ப அகல வாசல், பக்கத்திலேயே மின்கம்பி. மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றுமிடமாகவும் அதுவே ஆகும். குத்தகைக்கு எடுத்தால் போதும், வாங்கவேண்டியதில்லை. பத்து வருடம் கழித்துத் தேவையில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பல அடுக்குக் கட்டடத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

அக்கம்பக்கத்தார் படும் பாடும் கொஞ்சம் உண்டு. 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் வேமோ கார்கள் ராத்திரி வந்து நிற்கும் ஓர் இடத்தில், ஒன்று பின்னோக்கி நகர்ந்தால் இன்னொன்று எச்சரிக்கையாக ஹாரன் அடிக்கும்படி மென்பொருள் இருந்ததால், விடியற்காலை நாலு மணிக்கு ஆளில்லாக் கார்கள் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்து அடுக்ககத்துக்காரர்களை எழுப்பிக்கொண்டிருந்தன. பிறகு சரிசெய்தார்கள். கும்பகோணத்தில் ஹாரன் சத்தத்துக்கு யாரும் எழுந்துகொள்ளப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வழி தெருவோரம். பார்ப்பதற்குச் சின்னது, என் கணக்கில் கனமானது. சன்னதித் தெருக் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே தெருவை அடைத்தது நின்ற கார் அல்ல, இறக்கிக்கொண்டிருந்த கார். டிரைவர் இல்லாத காலத்தில் இது கூடும், ஏனென்றால் ஒவ்வொரு காரும் வாசல்வரை வரும், ஒவ்வொரு பயணத்துக்கும் இறக்க ஒரு தடவை, ஏற்ற ஒரு தடவை. டிரைவராவது, "பாட்டி, இங்க கூட்டமா இருக்கு, தெருமுனையில இறங்கிக்கலாம்" என்று பேசிப் பார்ப்பார். பூக்காரம்மாவிடம் கூடையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வார். சுவாமி புறப்பாடு வருகிறது என்று மேளச் சத்தம் கேட்டே பின்வாங்குவார். இயந்திரத்துக்கு இதெல்லாம் கோடு போட்டு, பலகை வைத்து, வரைபடத்தில் ஏற்றிச் சொல்லவேண்டும்.

அதனால் கோயிலுக்கு இரண்டு இடம் என்று குறித்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியோடு இறக்கி ஏற்றும் இடம் அமைக்கலாம். சன்னதி வாசலில் வேண்டாம், தெருமுனையில், நடக்கமுடியாதவர்களுக்கு மட்டும் பேட்டரி வண்டி. அங்கிருந்து வாசல்வரை நடைபாதை. சென்னை பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கியபோது கடைக்காரர்களுக்கு வந்த பயம் எனக்கும் வந்தது. இப்போது யோசித்தால், என் கடை வாசலில் காலை முதல் மாலை வரை நிற்கும் காரில் பாதி பக்கத்துக் கடைக்காரர்களுடையது, ஒன்று என்னுடையது. அதில் வந்து யாரும் அண்டா வாங்கவில்லை.

கார் தன் வாழ்நாளில் 95 விழுக்காடு நேரம் சும்மா நிற்கிறது என்று கணக்குப் போட்டவர் கலிஃபோர்னியாப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். தெருவோரத்தை இலவசமாகக் கொடுப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர் என்பது அவர் கட்சி. நமக்கு 95 விழுக்காடு பெரிதாகத் தெரியாது. திருவாரூர் ஆழித்தேர் வருடத்தில் ஓடுவது எத்தனை நாள்? மற்ற நாளெல்லாம் நிலையில் நிற்கும். ஆனால் தேருக்கு நிலை என்று ஓர் இடம் குறித்துவிட்டுத்தான் தேரைச் செய்தார்கள், ஓடி முடிந்ததும் வீதியில் விட்டுவிட்டுப் போவதில்லை. ஜப்பானில் 1962இலிருந்து சட்டமே இப்படித்தான், நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் கார் வாங்கலாம். திண்ணை வைத்த வரிசை வீடுகளில் குடியிருந்துகொண்டு, கார் வாங்கி ராத்திரி தெருவில் விடுகிற நாம் (நானும்தான்) இதைக் கேட்டால் முகம் சுளிப்போம். உடனே இங்கே கொண்டுவரமுடியாது. ராத்திரித் தெரு நிறுத்தத்துக்கு மாதக் கட்டணம் என்று தொடங்கலாம்.

இந்தப் பேச்சு முழுவதிலும் பைக் விடுபட்டுப்போகிறது. கடைத்தெருவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பைக்கில்தான் வருகிறார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். பைக் தானே ஓடிப்போய் வெளியே நிற்கப்போவதில்லை, அது நடு ஊரிலேயே இருக்கும். தெருவோரத்திலிருந்து எடுக்கும் கார் இடத்தில் ஒரு பங்கை பைக்குக்குக் கொடுப்பது எந்த எதிர்காலத்திலும் வீணாகாது.

ஆக என் வரிசை இது. பணத்தின் முதல் பங்கு தெருவோரத்துக்கு: கோடு, பலகை, நடைபாதை, பைக் நிறுத்தம், கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு. தானோட்டிக் கார் வந்தாலும் வராவிட்டாலும் இது பலன் தரும். இரண்டாவது பங்கு ஊர் விளிம்பில் இரண்டு மூன்று களங்களைக் குத்தகைக்கு எடுக்க. பல அடுக்குக் கட்டடத்துக்கு இப்போது பணம் ஒதுக்கமாட்டேன். தஞ்சாவூரில் ராஜவீதிகள் ஓரளவு அகலம், அங்கே தெருவோர வழிக்கு இன்னும் இடம் உண்டு. மயிலாடுதுறையில் கடைமுழுக்கு நாளையும் வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையும் விட்டால் வெளி மைதானம் எந்த அளவுக்கு நிரம்பும் என்பதைக் குத்தகைக்கு முன்னால் பார்த்துக்கொள்ளவேண்டும்.

களத்தில் முதல் நாளே வேண்டியது சென்சார் அல்ல. இன்னும் பல வருடம் அங்கே காரோடு ஆளும் வருவார். அவருக்குக் கழிவறை, குடிதண்ணீர், ஒரு டீக்கடை, நாலு வேப்பமரம், வெயிலுக்குப் படுக்க ஒரு கொட்டகை வேண்டும். இவை இல்லாமல் அவர் ஆற்றங்கரையை விட்டு வரமாட்டார். வார நாளில் களத்தில் பாதி சும்மா கிடக்குமே என்று என் மைத்துனர் கேட்டார். அவர் சுவாமிமலைப் பக்கம் மூன்று ஏக்கர் சம்பா போடுகிறவர். அறுப்பு நேரத்தில் களம் கிடைக்காமல் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓரம் தள்ளிக்கொண்டு நிற்பவர். எண்ணெய் சொட்டாத ஒரு பகுதியைக் கயிறு கட்டிப் பிரித்து, தை மாதத்தில் நெல் காயவைக்க விடலாம் என்றேன். "அப்ப உங்க கார அந்தப் பக்கமே விடாதீங்க மாப்ள" என்றார். என் கார் நெடுநாளாக ஆயில் ஒழுகுகிறது.